ஆய்வு முன்மொழிவு எழுதுவது எப்படி? கொங்குப் பகுதி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கமிருந்து பிஎச்.டி.க்குப் பதிவு செய்யும் மாணவர்கள் முன்மொழிவைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். சனிக்கிழமை மதியம் என்றால் திண்ணையில் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர், தங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அப்பா விசைத்தறி ஓட்டுவார், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பார். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை, கைடிடம் கேட்கக் கூச்சம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் தமிழ்த்துறை ஆசிரியை. ஆனால் வருகிறவர்கள் எல்லாத் துறையிலிருந்தும் வருகிறார்கள், அதனால் உதாரணங்களும் அப்படித்தான் இருக்கும்.

முன்மொழிவு என்றால் என்ன? சினாப்சிஸ் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இனிமேல் செய்யப்போகும் ஆய்வைப் பற்றி எழுதித் தருவதுதான் முன்மொழிவு. என் கேள்வி இது, இது ஏன் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு முன் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், நான் எப்படி விடை தேடுவேன், எவ்வளவு காலம் ஆகும். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். படிப்பவருக்கு முடிவில் ஒரு நம்பிக்கை வர வேண்டும்: இந்தப் பிள்ளை இதைச் செய்து முடிக்கும்.

சினாப்சிஸ் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். சில இடங்களில் முன்மொழிவையே அப்படிச் சொல்வார்கள். வேறு சில இடங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் கொடுக்கும் சுருக்கத்துக்கு அந்தப் பெயர். உங்கள் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, ஆய்வு ஆலோசனைக் குழு உங்கள் முன்மொழிவைப் பரிசீலித்து ஆய்வுத் தலைப்பை இறுதி செய்யும். கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். படிப்புக் காலம் அதையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. நீங்கள் எழுதும் முன்மொழிவு இந்தக் காலத்துக்குள் அடங்க வேண்டும்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சொன்னால் புரிவதில்லை, ஒரு முறை நடந்து பார்த்தால்தான் புரிகிறது. அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு மாணவி வந்தாள். அவள் எழுதி வந்த தலைப்பு: "அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தின் தாக்கம்: ஓர் ஆய்வு." திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் நீரில் 1.5 டி.எம்.சி.யை நீரேற்று நிலையங்கள் வழியாக எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். அறுபது ஆண்டுக் கோரிக்கை, 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

"தாக்கம்னா எது கண்ணு? கிணத்துலயா, வெள்ளாமையிலயா, மாட்டுக்குத் தீவனத்துலயா, நில விலையிலயா?" என்று கேட்டேன். "எல்லாமேதாங்க மேடம்" என்றாள். 1,045 குளத்தையும் எல்லாத் தாக்கத்தையும் ஒரு ஆள் மூன்று வருடத்தில் பார்க்க முடியுமா? அவளுக்கே முடியாது என்று தெரிந்தது. ஆனால் எதை விடுவது என்று தெரியவில்லை.

சரி, அதை விடு, உங்க தோட்டத்துல என்ன ஆச்சு, அதைச் சொல்லு என்றேன். அப்போது சொன்னாள்: "எங்க கிணத்துல தண்ணி ஏறிருச்சுங்க மேடம். ஆனா பக்கத்துத் தோட்டத்துப் போர்ல ஏறவே இல்லீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான்."

இதுதான் கேள்வி. ஒரே குளத்துக்குப் பக்கத்தில் திறந்த கிணற்றில் ஏறிய தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றில் ஏன் ஏறவில்லை? அவள் தலைப்பைத் தேடி நூலகத்தில் உட்கார்ந்திருந்த மூன்று மாதமும் இந்தக் கேள்வி அவள் வீட்டு வரப்பிலேயே இருந்தது. புவியியல் துறை நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன். நம் பகுதி கடினப்பாறை நிலம், மேலே சிதைந்த பாறை அடுக்கில் தேங்கும் நீர் கிணற்றுக்கு வரும், போர் ஆழத்தில் இருக்கும் விரிசல்களை நம்பியிருக்கிறது, இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்காது என்று அவர் விளக்கினார். அப்படியானால் குளத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை கிணற்றுக்குப் பலன், போருக்குப் பலன் வர எவ்வளவு நாள், எங்கே வரவே வராது? தலைப்பு தானாக வந்துவிட்டது: "குளங்களைச் சுற்றித் திறந்த கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர்மட்ட மாற்றம்: அவிநாசி வட்டாரத்தில் நான்கு குளங்கள்."

"ஓர் ஆய்வு" என்று முடியும் தலைப்பு எதைக் கண்டாலும் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். ஆய்வுதான் செய்யப் போகிறோம், அதைத் தலைப்பில் சொல்ல வேண்டியதில்லை.

கைடு ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டார். அதையே எடுக்கலாமா?

எடுக்கலாம், தவறில்லை. ஆய்வுக்கூடத்தில் நடக்கும் பெரிய திட்டத்தின் ஒரு பகுதியைப் பல அறிவியல் மாணவர்கள் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தலைப்புக்குள் உங்களுக்கென்று ஒரு கேள்வி இருக்க வேண்டும். குழுவில் "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டால் "சார் கொடுத்தாருங்க" என்ற பதில் நிற்காது.

ஆய்வுச் சிக்கலை எப்படி எழுதுவது? எழுத உட்கார்ந்தால் முன்னுரை மாதிரியே வருகிறது.

எல்லோருக்கும் வருவதுதான். "நீரின்று அமையாது உலகு" என்று தொடங்கி, உலக நீர்ப் பிரச்சினை, இந்திய நீர்ப் பிரச்சினை, தமிழக நீர்ப் பிரச்சினை என்று இறங்கி, நான்காம் பக்கத்தில்தான் அவிநாசி வரும். திருக்குறள் மேல் எனக்கு எவ்வளவோ மதிப்பு உண்டு, ஆனாலும் முன்மொழிவின் முதல் வரியில் அதற்கு வேலை இல்லை. முதல் வரியிலேயே ஊருக்கு வந்துவிடுங்கள்.

அந்த மாணவி கடைசியில் எழுதிய பத்தி இது, அவள் சம்மதத்தோடு தருகிறேன்: "அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தில் குளங்கள் நிரப்பப்பட்ட பின் சுற்றியுள்ள திறந்த கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததாக விவசாயிகள் சொல்கின்றனர். அதே இடங்களில் சில ஆழ்துளைக் கிணறுகளில் மாற்றம் இல்லை என்றும் சொல்கின்றனர். குளத்திலிருந்து உள்ள தூரம், கிணற்றின் வகை, பருவமழை ஆகிய மூன்றில் எது இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது பிரித்து அளக்கப்படவில்லை. பாசனத்துக்குப் போரை மட்டும் நம்பியுள்ள விவசாயி இத்திட்டத்தால் பயன் பெறுகிறாரா என்பதை அறிய இந்த அளவீடு தேவை."

நான்கு வாக்கியம். தெரிந்தது எது, தெரியாதது எது, தெரிந்துகொண்டால் யாருக்கு உதவும் என்பது மூன்றும் இருக்கிறது. "சொல்கின்றனர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்னும் அளக்காததை உண்மை என்று அவள் எழுதவில்லை.

முன்னாய்வுகள் எத்தனை படிக்க வேண்டும்?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு கட்டுரையை எடுத்தால் அதில் மேற்கோள் காட்டப்பட்ட பெயர்களில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கிறதா? அப்படியானால் முன்மொழிவுக்குப் போதும்.

எங்கே தேடுவது என்பதில்தான் நம் மாணவர்கள் பின்தங்குகிறார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் முழுமையாகக் கிடைக்கும். அதன் கூடவே சோத்கங்கோத்ரி என்று ஒன்று உண்டு. பதிவு செய்து நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்மொழிவுகளும் சுருக்கங்களும் அதில் இருக்கும். உங்கள் தலைப்பை இன்னொருவர் இப்போதே செய்துகொண்டிருக்கிறாரா என்று பார்க்கவும், நல்ல முன்மொழிவு எப்படி இருக்கும் என்று பழகவும் அதுதான் சரியான இடம். இலவசம்.

வரலாறு, சமூகவியல் மாணவர்கள் பழைய அரசு ஆவணங்களை விட்டுவிடக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் 1800இல் கொங்கு வழியாகப் பயணம் செய்து கிணறு, பயிர், நெசவு என்று கண்டதை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார், 1807இல் அச்சானது. ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்ட மேனுவல் 1887இல் வந்தது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வேளாண்மை என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழக நூலகம், நூல், துணி என்றால் 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். பேருந்து தூரத்தில் இவ்வளவு இருக்கிறது.

படித்ததை எழுதும்போது ஆள் வாரியாக எழுதாதீர்கள். "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று இருபது பத்தி வந்தால் அது பட்டியல். கருத்து வாரியாகச் சேருங்கள்: குளம் நிரம்பினால் கிணறு ஏறும் என்று காட்டியவர்கள் ஒரு பக்கம், பாறை அமைப்பைப் பொறுத்தது என்றவர்கள் இன்னொரு பக்கம், அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள், நான் அதில் எங்கே நிற்கிறேன்.

"இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று எழுதலாமா?

வேண்டாம். "நான் தேடியவரை" என்று சேர்த்து, எங்கெங்கே தேடினீர்கள் என்றும் சொல்லுங்கள். அப்புறம், யாரும் செய்யவில்லை என்பது மட்டும் ஒன்றைச் செய்யக் காரணம் ஆகாது. செய்யாததால் நமக்கு எது தெரியாமல் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

நோக்கங்கள் எத்தனை இருக்கலாம்? கருதுகோள் கட்டாயமா?

மூன்று நோக்கம் போதும், நான்கு வரை தாங்கும். ஒவ்வொரு நோக்கத்தையும் படித்துவிட்டு, "இதை முடித்தேனா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "விவசாயிகளிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துதல்" ஆய்வு நோக்கம் ஆகாது, அது வேறு வேலை. "500 மீட்டருக்குள் உள்ள கிணறுகளிலும் 1 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிணறுகளிலும் நீர்மட்ட உயர்வை ஒப்பிடுதல்" என்றால் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம்.

அளந்து சோதிக்கும் ஆய்வுக்குக் கருதுகோள், அதாவது சரியா தவறா என்று சோதிக்கப் போகும் ஊகம், வேண்டும். உடுக்கடிப் பாட்டுக்காரர் கதை சொல்லும் முறையைப் பற்றிய ஆய்வுக்கு ஆய்வு வினாக்களே போதும். படிவத்தில் இடம் விட்டிருக்கிறார்கள் என்பதற்காக ஒரு கருதுகோளை இட்டு நிரப்ப வேண்டாம்.

முறையியலில் என்ன எழுதுவது? "முதன்மைத் தரவு, இரண்டாம் நிலைத் தரவு பயன்படுத்தப்படும்" என்று எழுதினால் போதாதா?

போதாது. குழு உட்கார்ந்து படிப்பதே இந்தப் பகுதியைத்தான். உங்கள் முறையியலை வேறொருவர் கையில் கொடுத்தால் அவர் அதை வைத்து அந்த வேலையைச் செய்ய முடிய வேண்டும். அவ்வளவு விவரம் தேவை.

கிணற்று ஆய்வையே மறுபடியும் எடுக்கிறேன். முதலில் அவள் எழுதியது: "குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் மாதந்தோறும் அளக்கப்படும்." நான் கேட்டது ஒன்றே ஒன்று: குளத்தில் தண்ணீர் விட்ட அதே மாதத்தில் மழையும் பெய்தால், கிணறு ஏறியது எதனால்? அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள், "தண்ணி விடாத குளமும் ரெண்டு வேணுங்க மேடம்." எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழு என்று முறையியல் நூல்கள் சொல்வது இதைத்தான்.

அதன்பின் வடிவம் கிடைத்தது. திட்ட நீர் வரும் குளம் இரண்டு, மழையை மட்டும் நம்பிய குளம் இரண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு திறந்த கிணறு, ஆறு போர். மொத்தம் 48 இடம். மாதம் ஒரு முறை, 18 மாதம், ஆக 864 அளவீடு. ஒரு நாளைக்கு 12 இடம் ஸ்கூட்டரில் போய் அளந்தால் மாதம் நான்கு நாள் வேலை. ஒரு ஆளால் முடியும். மழைக்கு முன்பே தொடங்கினால் 18 மாதத்தில் இரண்டு ஆண்டுகளின் மழைக்காலமும் உள்ளே வந்துவிடும்.

இதற்கு மேலும் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடி முடித்த கிணற்றில் அளவு நாடாவை இறக்கினால் தண்ணீர் கீழே போயிருக்கும். அதை அளந்து எழுதினால் மோட்டாரை அளந்ததாகத்தான் ஆகும். அதனால் மோட்டார் போடுவதற்கு முன், எல்லாக் கிணற்றிலும் ஒரே மாதிரியான இடைவெளி விட்டு அளக்க வேண்டும். போரில் இன்னொரு சிக்கல். நீர்மூழ்கி மோட்டாரும் குழாயும் கயிறும் இறங்கியிருக்கும் போரில் அளவி இறக்கச் சந்து இருக்காது. மோட்டார் எடுத்துவிட்டு மூடி போட்டு வைத்திருக்கும் போர்களைத் தேட வேண்டும். இதையெல்லாம் அவள் முன்மொழிவிலேயே எழுதினாள், ஏனென்றால் எழுதுவதற்கு முன்பே இரண்டு வாரம் ஊரில் சுற்றி எட்டுக் கிணற்றில் அளந்து பார்த்திருந்தாள். முன்சோதனை என்று ஒரு வரி எழுதுவதற்கும், செய்துவிட்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மாதிரி அளவு 384 என்று எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறதே, நானும் அதையே போடலாமா?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். 95 சதவீத நம்பிக்கை நிலை, 5 சதவீதப் பிழை வரம்பு, மக்கள்தொகையில் பாதிப் பேரிடம் அந்தப் பண்பு இருக்கும் என்ற அனுமானம். இந்த மூன்றையும் பெரிய மக்கள்தொகைக்குச் சூத்திரத்தில் போட்டால் 384.16 வரும். உங்கள் மொத்த எண்ணிக்கையே 1,000 என்றால், மொத்தம் தெரிந்த கூட்டத்துக்குப் போடும் யமானே சூத்திரப்படி 286 போதும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்குத்தான் பொருந்தும். பல்லடம் சாலையில் நான்கு விசைத்தறிக் கூடத்தில் தெரிந்தவர் மூலம் போய், கிடைத்த ஆட்களிடம் எல்லாம் கேட்டு 384 ஆக்கினால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணிதம் உங்களுக்கு உதவாது. அப்படிச் செய்வதாக இருந்தால் வசதி மாதிரி என்று நேராக எழுதி, அதிலிருந்து எந்த அளவுக்குத்தான் முடிவு சொல்ல முடியும் என்றும் எழுதிவிடுங்கள். குழு அதை மதிக்கும்.

வினாநிரல் எப்படித் தயாரிப்பது?

"மிகவும் ஒப்புக்கொள்கிறேன்" முதல் "சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை" வரை ஐந்து கட்டம் போட்டு நாற்பது கேள்வி அச்சடிப்பது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. திருப்பூரில் ஒரு டெய்லரிடம் "உங்கள் பணி நேரம் திருப்திகரமாக உள்ளது" என்று படித்துக் காட்டினால் அவர் நடுக் கட்டத்தைக் காட்டுவார். "போன வாரம் எத்தனை ஷிப்ட் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "நாலு நாள் ஒன்றரை ஷிப்ட், ரெண்டு நாள் ஒரு ஷிப்ட்" என்று கணக்காகச் சொல்வார். அவர்கள் கூலியைக் கணக்கிடும் அளவே ஷிப்ட்தான். அவர்கள் எந்த அளவில் கணக்குப் போடுகிறார்களோ அந்த அளவில் கேளுங்கள்.

வினாநிரலை ஆங்கிலத்தில் தயாரித்துவிட்டுக் களத்தில் போய் மனசுக்குள் மொழிபெயர்க்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி கேட்பீர்கள். தமிழில், ஊர்ப் பேச்சில் எழுதிப் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்வியை மாற்றி, அதை முன்மொழிவின் பின்னிணைப்பில் வையுங்கள். ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் உங்கள் ஆய்வில் இருந்தால் அந்த மொழி தெரிந்த உதவியாளருக்குத் திட்டத்தில் இடம் வேண்டும்.

நெறிமுறை என்று ஒரு பகுதி கேட்கிறார்கள். அங்கே என்ன எழுதுவது?

இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. நாம் ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கிப் போய்விடுவோம். நமக்குப் பதில் சொன்னவர் அங்கேயேதான் பிழைக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டும் பெண்களைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வு செய்ய நினைத்தார். கட்டுக் கட்டாகத் துணியைக் கொண்டுவந்து போடும் காண்ட்ராக்டரே அவரை வீடு வீடாகக் கூட்டிப் போய் அறிமுகம் செய்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாசலில் நிற்கும்போது "பீஸுக்கு எவ்வளவு தர்றாங்க, பத்துதா?" என்று கேட்டால் அந்த அக்கா என்ன சொல்வார்? "பத்துதுங்க, ஒண்ணும் குறையில்லீங்க." அதை நம்பிப் பட்டியல் போட்டால் ஆய்வும் கெட்டது, உண்மையைச் சொல்லியிருந்தால் அவருடைய வேலையும் கெட்டிருக்கும். மில் விடுதியில் வார்டன் பக்கத்தில் இருக்க, கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவமும் இதே மாதிரிதான்.

ஆகவே எழுதுங்கள்: யார் மூலம் அவர்களை அடைவேன், எங்கே வைத்துப் பேசுவேன், அப்போது வேறு யார் இருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று எந்த நேரத்திலும் விலகலாம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வேன், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழி ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வேன். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. தெருப் பெயரும் கூலியும் காண்ட்ராக்டர் அடையாளமும் சேர்ந்து வந்தால் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். உடல்நலம் சார்ந்த ஆய்வு என்றால் ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படித்து, நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே களத்துக்குப் போங்கள்.

வேறு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களில் வேலை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது, அது வர மாதக்கணக்கில் ஆகலாம். அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை என்றால் அந்தந்தத் துறை. தனியார் ஆலை என்றால் நிர்வாகத்தின் கடிதம். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று மாற்று வழியையும் எழுதி வையுங்கள்.

கால அட்டவணையை எப்படிப் போடுவது?

ஊரின் காலண்டரைப் பார்த்துப் போடுங்கள். தீபாவளி போனஸ் வாங்கியதும் திருப்பூர் பாதி காலியாகிவிடும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் அறுவடை தை, மாசியில் உச்சத்தில் இருக்கும், வெட்டி, வேக வைத்து, காய வைக்கும் அந்த நாளில் விவசாயி உங்களுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார். ஆனால் உங்கள் ஆய்வே மஞ்சள் பதப்படுத்துவதைப் பற்றி என்றால் அந்த இரண்டு மாதத்தை விட்டால் ஒரு வருடம் போச்சு. பங்குனி, சித்திரையில் மாரியம்மன் பூச்சாட்டு. நோன்பு இருக்கும் ஊரில் வெளியூர் போய் வருவதற்குக்கூடக் கட்டுப்பாடு இருக்கலாம், அதே நேரம் ஊர் மொத்தமும் வீட்டில் இருக்கும்.

எல்லோரும் குறைத்துப் போடுவது எழுத்து வேலையைத்தான். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்ய எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். நாற்பது பேட்டி என்றால் 240 மணி நேரம். தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் அறுபது நாள்.

நிதித் திட்டம் கேட்டால்?

பெட்ரோல், பேருந்து, ஜெராக்ஸ், அளவுக் கருவி, மொழிபெயர்ப்பு உதவியாளர் கூலி, தட்டச்சு. எத்தனை முறை, எவ்வளவு தூரம், ஒன்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். முழுத்தொகையாகப் போட்டால் வெட்டுவார்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருப்பவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000. அது இல்லாதவர்கள் தங்கள் கைக்காசில் எவ்வளவு முடியும் என்று பார்த்தே களத்தின் அளவை முடிவு செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழில் எழுதலாமா?

தமிழ்த்துறையில் தமிழில்தான். மற்றத் துறைகளில் உங்கள் பல்கலைக்கழக விதியைப் பாருங்கள், பெரும்பாலும் ஆங்கிலம் கேட்பார்கள். எந்த மொழியில் கொடுத்தாலும் கேள்வியையும் முறையையும் முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் குழப்பம் அங்கே வெளியே வந்துவிடும்.

நகல் சோதனை எவ்வளவு வரை போகலாம்? ஏஐயை வைத்து எழுதலாமா?

யுஜிசியின் 2018 விதிமுறையில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கூடும். 9 சதவீதம் வந்தால் நேர்மை என்று அர்த்தமில்லை. ஒருவருடைய யோசனையைச் சொல் மாற்றி எழுதி அவர் பெயரை விட்டாலும் அது திருட்டுத்தான்.

ஏஐ கருவிகள் இல்லாத கட்டுரைக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். அப்படி ஒரு மேற்கோளைக் குழுவில் ஒருவர் தேடிப் பார்த்தால் உங்கள் முழு முன்மொழிவின் மேலும் சந்தேகம் விழும். மொழியைச் சரிபார்க்கப் பயன்படுத்தினால், உங்கள் நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்குள், சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள். நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எத்தனை பக்கம்?

உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. சொல்லாவிட்டால் பதினைந்துக்குள் முடியுங்கள்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

எனக்கும் திருப்பி அனுப்பினார்கள். "கொங்கு நாட்டுப்புறக் கதைப்பாடல்கள்" என்று கொண்டுபோனேன். குழுவில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "எந்த ஊரும்மா? எந்த மாசம்? யாரு பாடுவாங்க?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். ஒரு வாரம் கழித்து வெள்ளகோவில் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் இருவரைத் தேடிப் போனேன். ஒரே பகுதியை, பொன்னரும் சங்கரும் படைக்குப் புறப்படும் இடத்தை, இருவரும் வேறு வேறு மாதிரி பாடினார்கள். ஏன் என்று கேட்டதும் ஒருவர், "கேக்குற சனத்தைப் பாத்துத்தான் கண்ணு உடுக்கை பேசும்" என்றார். என் ஆய்வுக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டாம் முறை அந்தப் பெரியவரின் மூன்று கேள்விக்கும் முதல் பத்தியிலேயே பதில் வைத்திருந்தேன்.

எனவே குழு சொன்னதை அன்றே, மறப்பதற்குள், வார்த்தைக்கு வார்த்தை எழுதி வையுங்கள். திருத்திக் கொடுக்கும்போது ஒவ்வொரு கருத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒப்புதல் கிடைத்த பிறகு மாற்றம் செய்யலாமா?

செய்யலாம், செய்யத்தான் வேண்டியிருக்கும். தலைப்பை மாற்ற முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். முறையில் சிறு மாற்றம் என்றால் கைடிடம் சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் குழுக் கூட்டத்தில் காரணத்தோடு தெரிவித்துவிடுங்கள். அதுவரை தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

கிணறு அளக்கும் மாணவிக்கு இப்போது ஏழாவது மாதம். அவள் அளந்துவந்த போர் ஒன்றில், தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட தோட்டத்துக்காரர் மறுபடியும் மோட்டாரை இறக்கிவிட்டார், இனி அதில் அளவி இறங்காது. முந்நூறு மீட்டர் தள்ளி வேறொரு போரைப் பிடித்திருக்கிறாள். நோட்டில் பழைய போரின் கடைசி அளவு, மோட்டார் இறங்கிய தேதி, புதிய போரின் முதல் அளவு மூன்றையும் எழுதி, பக்கத்தில் தோட்டத்துக்காரர் சொன்னதையும் அப்படியே குறித்திருக்கிறாள்: "தண்ணி வந்துருச்சுன்னு நீதானே அம்மிணி சொன்ன?"